தில்லைத் தீயின் உண்மையான நிறம்

தம்பி,

போன வாரம் நீ போனில் அந்தக் கேள்வியைக் கேட்டதும், "அடுப்புல பால் பொங்குது, அப்பறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பையே பற்ற வைக்கவில்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இந்த வயசுல பெத்த புள்ளகிட்ட பொய் சொல்ற அளவுக்கு என்னா வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கும் பதில் சொல்லாமல் எழுந்து போய், சும்மாவாவது இருக்கட்டும் என்று ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி அவருக்கே கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "பொய்யை நெசமாக்கிட்ட, சரி" என்றார்.

நீ கேட்டது இதுதான். "அம்மா, பவளம் வித்த நம்ம பேஜை எதுக்கு மூடுன? நெட்வொர்க் சரியில்லன்னு சொன்ன. ஒரு வருஷமாவா நெட்வொர்க் சரியில்ல?" ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் நீயும் நிவேதாவும் ஓசூரில் பவளத் தொட்டி வியாபாரம் தொடங்கப் போகிறீர்கள். பழைய பேஜையே திறந்து, என் தொட்டியைத் தாய்த் தொட்டியாக வைத்து, இங்கிருந்து வெட்டி அங்கே விற்பது என்பது உங்கள் திட்டம். திட்டத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பேஜ் ஏன் மூடப்பட்டது என்று தெரியாமல் நீ அதைத் திறக்கக்கூடாது. வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, மகன்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம் என்று தெரியும்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ ஓசூருக்குப் போன வருடம் அது. நான் லேபில் இருந்து ஓய்வு பெற இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஓர் ஆள் வந்தார். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஐஸ் ஃபாக்டரி மெக்கானிக், பெயர் சேவியர், அன்றைக்குச் சிதம்பரத்தில் ஏதோ வேலை. கையை நீட்டச் சொன்னேன். ஊசியைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த பாட்டில்களையே பார்த்துக்கொண்டு, "என் தொட்டித் தண்ணிக்கு வாரத்துல மூணு தடவ டெஸ்ட் எடுக்குறேன் மேடம். எனக்கு எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். தண்ணீரில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கால்சியம், காரத்தன்மை, நைட்ரேட் என்று அடுக்கினார். முப்பது வருடமாக மனிதர்களின் ரத்தத்தில் அதே மாதிரி சங்கதிகளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு தொட்டியைப் பேஷண்ட் மாதிரி பார்க்கலாம் என்பதே புதிதாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு ஓ.டி.க்கு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் வீட்டு முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தரை அப்படியே உயிரோடு இருந்தது. கல் பவளங்களைத் தொடவே கூடாது, சட்டம் விடாது. அதனால் அவர் வைத்திருந்தது எல்லாம் மெத்தென்ற வகை. காளான் மாதிரி தட்டையாக விரிவது ஒன்று, சட்டைப் பொத்தான் அளவில் கூட்டமாக மலர்வது இன்னொன்று. எதுவும் நம் கடலில் இருந்து பிடுங்கியது இல்லை, ஒருவர் தொட்டியில் வளர்ந்து இன்னொருவர் தொட்டிக்குப் போனவை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா, "கடல்ல சும்மா கெடக்குறத கண்ணாடிக்குள்ள போட்டு அதுக்குக் கரண்ட் பில்லு வேறயா" என்றார். சேவியர் அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு காளானைக் கல்லோடு எடுத்து, இட்லி மாவு டப்பாவில் கடல்நீர் ஊற்றி, அதில் போட்டு என் கையில் கொடுத்தார். காசு எவ்வளவு என்று கேட்டதற்குக் கோபமே வந்துவிட்டது அவருக்கு.

காரணத்தை அவர் அன்றைக்கே சொன்னார். ஒரு புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் பழுது. தொட்டியில் இருந்த அத்தனையும் செத்துப்போனது. அவர் அதுவரை யார் யாருக்கெல்லாம் துண்டு கொடுத்திருந்தாரோ, நெய்வேலி, பண்ருட்டி, புதுச்சேரி, எல்லோரும் அடுத்த மாதமே ஆளுக்கொரு டப்பாவோடு வந்து நின்றார்களாம். "நான் வச்சிருந்தது போயிடுச்சுக்கா, குடுத்தது இருந்துச்சு" என்றார். பெரிய தத்துவம் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அந்தக் காளானுக்காகவே நம் வீட்டிலும் ஒரு தொட்டி வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் ஏழெட்டு பேர் கூடுவோம். யார் தொட்டியில் எது கூடுதலாக வளர்ந்திருக்கிறதோ அது டப்பாவில் வரும், வேறொன்று டப்பாவில் போகும். எல்லோருக்கும் நான் 'லேப் அக்கா'. தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் சோதித்துச் சொல்வேன். ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும், சொல்லு.

அப்புறம் விலை வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. முதலில் சென்னை ஆட்கள் சிலர் போன் குரூப்பில் சேர்ந்தார்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு விலை. கல்லோடு ஒரு கொத்து என்று இருந்தது போய், ஒரு தலைக்கு, அதாவது ஒற்றைப் பொத்தானுக்கு, இவ்வளவு என்று ஆனது. போன மாதம் இருநூறுக்குக் கிடைத்தது இந்த மாதம் எண்ணூறு. அந்தச் சமயத்தில்தான் என் தொட்டியில் ஒரு மூலையில், பச்சைப் பொத்தான் கூட்டத்துக்கு நடுவில், விளிம்பு மட்டும் ஆரஞ்சாக ஒன்று முளைத்து, மெல்ல நாலைந்தானது. நீ அப்போது வீட்டில் இருந்தபடி ஓசூர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நினைவிருக்கிறதா? நீதான் தொட்டி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து போனை நீட்டினாய். "அம்மா, வெள்ள லைட்ட ஆஃப் பண்ணு. நீலம் மட்டும் இருக்கட்டும்" என்றாய். அணைத்தேன். அந்தச் சின்னப் பொத்தான்கள் கங்கு மாதிரி எரிந்தன. 'தில்லைத் தீ' என்று நீ பெயர் வைத்தாய், நமக்கென்று ஒரு பேஜைத் தொடங்கி அந்தப் படத்தைப் போட்டாய். கீழே, 'இன்னும் இரண்டே தலைகள்' என்று எழுதினாய். அந்த நேரத்தில் இருந்தது உண்மையிலேயே நாலைந்துதான். ஆனால் ஆறு மாதம் கழித்து, ஒரு கல் முழுக்க நாற்பதுக்கு மேல் பரவிய பிறகும், அதே வரியைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஓசூருக்குத் திரும்பிப் போய்விட்டாய். போட்டது நான்தான்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை, தம்பி. நீ விளையாட்டாக ஒரு படம் எடுத்தாய். வெள்ளை விளக்கில் அது சாதாரணமாக, கொஞ்சம் செம்பழுப்பாகத்தான் தெரியும் என்பது தினமும் பார்க்கிற எனக்குத் தெரியும். என் தொட்டியில் இருப்பது மாதிரி விலையுயர்ந்த விளக்கு இல்லாவிட்டால் அந்த ஆரஞ்சும் மெல்ல மங்கிப் பச்சையாகிவிடும் என்பதும் தெரியும். லேபில் முப்பது வருடத்தில் ஒரு ரிசல்ட்டைக்கூட மாற்றி எழுதியவள் இல்லை நான். டாக்டரே வந்து கேட்டபோதுகூட மாட்டேன் என்று சொன்னவள். அந்தக் கைதான் விளக்கை மாற்றி மாற்றிப் படம் எடுத்தது.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் அரைகுறையாகிவிடும். காசு மட்டும் இல்லை. கோயம்புத்தூரில் இருந்து யாரோ ஒருவர், "மேடம், அடுத்த தலை எனக்குத்தான்" என்று கெஞ்சுவார். நான் "பாக்கலாம், லிஸ்ட்டு இருக்குது" என்பேன். லிஸ்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பொத்தான் வெட்ட உட்காருவேன், அதில் விஷம் உண்டு, வெறுங்கையால் தொடக்கூடாது. எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆபரேசன்?" என்று கேட்பார். அப்பா, "பணத்துக்கு" என்பார். நாங்கள் மூவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் எனக்குத் துளியும் உறுத்தவில்லை.

முதலில் உறுத்திய நாள் சேவியர் அண்ணன் வந்த நாள். சில்லர், அதாவது நம் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின், சத்தம் போட்டது. கூப்பிட்டதும் ஓ.டி.யில் இருந்து வந்து, இரண்டு மணி நேரம் தரையில் படுத்துச் சரிசெய்தார். கூலி வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே தொட்டியைப் பார்த்து, "அந்த ஆரஞ்சு நல்லா வந்துருக்குதுக்கா. ஒரு தல குடுங்களேன், நம்மகிட்டயும் இருக்கட்டும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்குன்னா பாதி விலைதான் அண்ணே." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடிக்கவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன். அவர் கை துடைத்த துணியை மடித்தார். அப்புறம், "சரிக்கா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் பையை எடுத்தார். அடுத்த மாதமும் கேட்கவில்லை, அதற்கடுத்த மாதமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் விட ஆரம்பித்தேன். டப்பாக்களும் குறைந்துகொண்டே வந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லோருமே அவரவர் பொத்தானை ஒளித்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது மணவாளன் கதைக்கு வருகிறேன். பேஜை மூட வைத்தவர் அவர்தான். குமராட்சி பக்கம் ஓடுகிற மினிபஸ்ஸில் டிரைவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அம்மாவை உட்காரவைத்துக் காத்திருந்தபோது அங்கே இருந்த கடல் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, பழைய தொட்டி ஒன்றைப் பிடித்து, தானே ஒட்டி, தானே பைப் போட்டு, சாமியார்பேட்டைக் கடலில் இருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியவர். நம் வீட்டுக்கு வந்தபோது செருப்பை வாசலுக்கு இரண்டடி முன்னாலேயே கழற்றிவிட்டு வந்தார். தில்லைத் தீ இரண்டு தலை வேண்டும் என்றார். வெள்ளை விளக்கை அணைத்து நீலத்தில் காட்டினேன். தலைக்கு மூவாயிரம். ஆறாயிரத்தையும் பேட்டா காசு என்று சொல்லிச் சின்ன நோட்டுகளாகக் கொடுத்தார். என்ன விளக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் விற்க முடியாது என்று தெரிந்தே கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் திரும்ப வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டே கதவைத் திறந்தேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அக்கா, மன்னிச்சிக்கிடுங்க. நீங்க பிள்ள மாதிரி வளத்துக் குடுத்தீங்க. என் கைராசி சரியில்ல. கலரெல்லாம் போயிடுச்சு, பச்சையா கெடக்குது. சாவுறதுக்கு முன்னாடி எதுனா செய்ய முடியுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தம்பி, அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஒரு வரி போதும், 'அது சாகவில்லை, அதன் நிறமே அவ்வளவுதான்' என்று. லேப்காரியின் முகத்தை வைத்துக்கொண்டு, "தண்ணியில எதோ கொறையா இருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவ கால்வாசித் தண்ணி மாத்திப் பாருங்க" என்றேன். வாரத்துக்கு இரண்டு தடவை! அவர் அதை மருந்துச் சீட்டு மாதிரி கையில் எழுதிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, நல்ல ஆலோசனை சொன்ன திருப்தியோடு போய்ச் சோறு வடித்தேன்.

இரண்டு மாதம் ஓடியது. லேபில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகளுக்கு வளைகாப்பு, குமராட்சி தாண்டி ஒரு ஊரில். அப்பாவுக்கு முதுகு வலி, நான் மட்டும் போனேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது மணவாளன் ஓட்டுகிற மினிபஸ். கூட்டம், அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் நான்கு பெரிய தண்ணீர்க் கேன்கள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கால் வைக்க இடமில்லாமல் ஒரு அம்மா கண்டக்டரைப் பிடித்து ஏசினார். "ஏம்ப்பா, பஸ்ஸா இது, லாரியா? வாரம் ரெண்டு நாளு இந்தக் கேனோட ரோதன." கண்டக்டர் பையன் சலித்துக்கொண்டே சொன்னான், "எங்க டிரைவர் அண்ணன் மீனு வளக்குறாருங்க. கடல்தண்ணி. விடியறதுக்கு முன்னாடியே சாமியார்பேட்டைக்கு வண்டில போயி மொண்டுக்கிட்டு வந்துடுறாரு. யாரோ லேப்காரம்மா சொன்னாங்களாம், வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும்னு. முதுவு போச்சுங்குறாரு, ஆனா அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வேற சொல்றாரு."

நான் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். சிரிக்காதே. ஐம்பத்தொன்பது வயதில், வளைகாப்புச் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மினிபஸ்ஸில் முகத்தை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எதைப் பார்த்தாலும் அந்தப் பொத்தான் நினைவுதான் வந்தது. வளைகாப்பில் என்ன சாப்பிட்டேன் என்றே தெரியாது. திரும்பும்போது நேராக டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, "மணவாளன், உங்க வீட்டுக்கு வரணும். தொட்டியப் பாக்கணும்" என்றேன். அந்த மனிதரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது.

டூட்டி மாற்றிக்கொண்டு அழைத்துப் போனார். சின்ன வீடு. அவர் மனைவி செல்வி வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். தொட்டி உள்ளறையில், மேலே ஒரு சாதாரண வெள்ளை டியூப் லைட். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு தலையாகக் கொடுத்தது பதினொன்றாகப் பெருகியிருந்தது. ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு விரிந்து, பச்சைப்பசேல் என்று, அவ்வளவு ஆரோக்கியம். என் தொட்டியில்கூட அப்படி விரிந்ததில்லை. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மணவாளன், இது சாவல. நல்லா இருக்குது. என்னோடத விட நல்லா இருக்குது. நான் உங்களுக்குக் காட்டுன கலரு நீல லைட்டுல தெரியறது. வெள்ள லைட்டுல எங்க வீட்டுலயும் அப்படித் தெரியாது. உங்க டியூப் லைட்டுக்கு இது இப்படித்தான் ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன். தண்ணி மாத்தச் சொன்னதும் சும்மா சொன்னதுதான்."

அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப நான் அத சாவடிக்கலயா அக்கா?" முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, மெல்ல மெல்ல விஷயம் உள்ளே இறங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசம் தண்ணி தூக்குனேனேக்கா" என்றார். வெளியே போய் வாசலில் நின்றார்.

செல்வி சொன்னாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணு பாக்க வர்றப்ப பவுடர் பூசுறது உண்டுதான். ஆனா தாலி கட்டி முடிச்சப்பறம் மாப்பிள்ளயப் பாத்து, உன் கண்ணுல கோளாறு, போயி வாரத்துக்கு ரெண்டு தடவ கண்ணக் கழுவுன்னு சொன்ன மாதிரில்ல இருக்குது நீங்க செஞ்சது."

எனக்கு அழுகை வரவேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. செல்விக்கும் உதடு துடித்தது. வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்து, "இங்க என்னா சிரிப்பு?" என்று கேட்டதும் அவளும் வெடித்துவிட்டாள். நான் சிரிப்பும் கண்ணீருமாகப் பர்ஸைத் திறந்தேன். காசைத் திருப்பித் தருகிறேன் என்றதும் மணவாளன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். செல்வி, "நீ சும்மா இரு. குடுங்கக்கா" என்று வாங்கி எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். பர்ஸில் இருந்தது பாதிதான், மீதியை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். "பொத்தானையும் எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். அது உங்களுடையதுதான் என்றேன். "நல்லது. எனக்கு இந்தப் பச்சதான் புடிச்சிருக்குது. அந்த நெருப்புக் கலரு எனக்கு என்னாத்துக்கு?" என்றாள். புறப்படும்போது மணவாளன் ஒன்றே ஒன்று கேட்டார். "அக்கா, என்ன மாதிரி வேற யாரும் தண்ணி தூக்கிக்கிட்டு இருக்காங்களா?"

அந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். பதினேழு பேர். சிலர் திட்டினார்கள், சிலர் காசு கேட்டார்கள், கொடுத்தேன். ஒருவர், "அட போங்க மேடம், நானே அதுல பாதிய ரெட்ட விலைக்கு வித்துட்டேன்" என்று சிரித்தார். அவரிடம் வாங்கியவர் யாரோ, அவருக்கு நான் எப்படிச் சொல்வது? அது இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதக் கணக்கில் போகாத ஓ.டி. வீட்டுக்குப் போனேன். ஆறு பேர் இருந்தார்கள். நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். பண்ருட்டிக்காரர் ஒருவர், "எல்லாரும் செய்யுறதுதான், இதுக்கு எதுக்கு ஊரக் கூட்டுறீங்க?" என்று எழுந்து போய்விட்டார். அவரோடு இன்னொருவரும் போனார். சேவியர் அண்ணன் டீ கிளாஸை என் கையில் கொடுத்து, "அப்ப அந்த ஆரஞ்சு இனிமேலாவது எனக்குக் கெடைக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, எல்லாவற்றையும் யோசித்த நான் அவருக்கு ஒரு தலை எடுத்துப் போகவேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. வெறுங்கையோடு போயிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை வந்து பேஜை மூடினேன். உன்னிடம் நெட்வொர்க் என்றேன். உன்னிடம் மட்டும் ஒரு வருடம் சொல்ல முடியவில்லை. அம்மா தப்பே செய்யமாட்டாள் என்று நினைக்கிற ஆள் உலகத்தில் ஒருவனாவது இருக்கட்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

இனி உன் வியாபாரம். செய்யாதே என்று சொல்வேன் என நினைத்திருப்பாய். இல்லை. லாபம் பாவம் இல்லை, தம்பி. தொட்டிக்குப் போடுகிற உப்புப் பாக்கெட் விலை ஏறிவிட்டது, கரண்ட் ஏறிவிட்டது, டெஸ்ட் கிட் வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. மாதக்கணக்கில் ஒருவர் பார்த்துப் பார்த்து வளர்த்ததற்குக் கூலி கேட்பதில் என்ன தப்பு? நானும் ரத்தம் எடுத்துக் காசு வாங்கித்தானே உன்னைப் படிக்க வைத்தேன். இப்போது மணவாளனும் விற்கிறார். அவர் வீட்டில் விலை சொல்வது செல்விதான். வாங்க வருகிறவரிடம் முதலில், "உங்க வூட்டுல என்னா லைட்டு?" என்று கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால் விற்கமாட்டாள், ஒரு பச்சைப் பொத்தானைச் சும்மா கொடுத்து அனுப்பிவிடுவாள். அவளைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள். விலை ஏறுவதை உன்னால் நிறுத்த முடியாது, சென்னையிலும் பெங்களூரிலும் அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நான்கு மடங்கு விலைக்கு வாங்கியவன் ஐந்து மடங்குக்கு விற்கத்தான் பார்ப்பான். ஆனால் வாங்கிப்போனவர் ஒரு நாள் உன் வாசலில் வந்து நிற்கும்போது, பால் அடுப்பைத் தேடாமல் கதவைத் திறக்கிற மாதிரி வில். பழைய பேஜைத் திறக்க வேண்டாம். புதிதாக ஒன்று தொடங்கு. பெயரை நிவேதா வைக்கட்டும், உனக்குப் பெயர் வைக்கும் திறமை ஜாஸ்தி, அதுதான் பயமாக இருக்கிறது.

வேண்டிய துண்டுகளை நான் தருகிறேன். காசு வேண்டாம். பதிலுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் இரண்டு பேரும் வந்து எனக்குத் தண்ணீர் மாற்றிக் கொடுங்கள். என் முழங்கால் இப்போது வாளியைப் பார்த்தாலே முனகுகிறது. அப்பா தூக்கமாட்டார், ஆனால் நான் இல்லாத நேரத்தில் தொட்டி முன்னால் உட்கார்ந்து அதில் திரிகிற இறால் குட்டியோடு பேசுகிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

கல்யாண வாழ்க்கைக்குத் தனியாக அறிவுரை எழுதலாம் என்று ஒரு தாளை ஒதுக்கி வைத்திருந்தேன். அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை நிவேதா அவள் அம்மாவோடு ஜவுளி எடுக்கச் சிதம்பரம் வந்தபோது நம் வீட்டுக்கும் வந்தாள். அவள் அம்மா புடவை பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் தொட்டி முன்னால் அரைமணி நேரம் நின்றாள். அப்புறம் திரும்பி, "அத்த, இதுக்கெல்லாம் பசிக்குமா?" என்று கேட்டாள். சொட்டு மருந்துக் குழாயைக் கையில் கொடுத்தேன். ஒரு பொத்தான் இறால் துணுக்கைக் கவ்வி மெல்ல மூடிக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் அப்பா பேப்பரோடு ஓடிவந்தார். எவ்வளவு விலை போகும் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அத்த, பேஜ எதுக்கு மூடுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் பால் பொங்குகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன் என்றேன்.

அதனால் இந்தக் கடிதம் அவளுக்கும்தான். நீ படித்துக் காட்டுவதாகச் சொல்வாய். உன்னைப் பற்றிய இடங்களையெல்லாம் தாண்டிக் குதித்துப் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து, இன்று காலையிலேயே தபாலில் போட்டுவிட்டேன்.

அம்மா